தாக் இல்மானுடைய ஈக்கள்

தாக் இல்மானுக்குக் குடலில் கட்டி என்று கண்டுபிடித்த பெரிய மருத்துவமனை, இரண்டு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டும் கேட்கவில்லை என்றானதும் அவனை மலையடிவாரத்தில் இருந்த ஈ மையத்துக்கு அனுப்பி வைத்தது. ஈ மையம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வாசலில் கருங்கல்லில் வெட்டியிருந்த முழுப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். இல்மானுக்கு அது நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தத் தடத்தில் டவுன் பஸ் ஓட்டியவனே அவன்தான். அந்த நிறுத்தத்தில் இறங்கிப் போகிறவர்கள் திரும்ப ஏறும்போது ஏன் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வருகிறார்கள் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

டாக்டர் யோம் என்ற இளம்பெண்தான் விஷயத்தை விளக்கினாள். "உங்க கட்டியில என்னென்ன கோளாறு இருக்கோ, அதையெல்லாம் பழ ஈயோட குடல்ல உண்டாக்கிடுவோம். அதுக்கும் உங்களுக்கு வந்த மாதிரியே கட்டி வரும். அப்புறம் ஒவ்வொரு மருந்தா சாப்பாட்டுல கலந்து குடுத்துப் பாப்போம். எந்த மருந்துல ஈ பிழைக்குதோ, அதை உங்களுக்குக் குடுப்போம்."

இல்மானுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தன் உடம்பில் பரிசோதிக்க வேண்டியதை ஓர் ஈ வாங்கிக்கொள்கிறதே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. அந்த வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஜமாகவே அறிவுள்ள மனிதர்கள், தூக்கம் கெட்டு உழைத்துக் கண்டுபிடித்த வழி. அதைக் கொண்டுபோய் ஓர் அரசு மையத்தின் கையில் கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று.

அவனையும் மனைவி ஒக்பூனையும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிறுத்தி, ஈ அறையைக் காட்டினார்கள். அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு. உள்ளே மஞ்சளாக மாவுக்கூழ், அதன்மேல் எள் இறைத்தாற்போல ஈக்கள். ஒரு வரிசைக்கு மேல் அவன் பெயர் அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

"இவர்தான் நீங்க" என்றாள் டாக்டர் யோம்.

ஒக்பூன் குனிந்து பார்த்தாள். "இத்தனையும் இவரா?"

"எல்லாரும் இவர்தாம்மா."

"ஒருத்தரை வச்சுக்கிட்டே நான் படாத பாடு படறேன்."

மையத்தில் ஈக்களைப் பற்றி எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் சாப்பிட்டார், அவர் சுவரில் ஏறினார், அவருக்கு நேற்று கொஞ்சம் சோர்வு என்றுதான் சொல்வார்கள். "தாக் இல்மான் உள்ள இருக்கார், நீ வெளிய நில்லு" என்று ஒரு காவலாளி அவனிடமே சொன்னார். இயக்குநர் பாங் வகுத்த முறை அது. பாங் உயரமான, நிதானமான மனிதர். யாரையும் திட்ட மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி வைத்து அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"நோயாளிங்கறவர் ஒரே ஒரு ஆள். இன்னிக்கு ஒண்ணு சொல்லுவார், நாளைக்கு ஒண்ணு சொல்லுவார். வலிக்குதும்பார், வலிக்கலைம்பார். ஈ அப்படி இல்ல. ஆயிரம் ஈயைக் கேட்டா ஆயிரமும் ஒரே பதிலைச் சொல்லும். அதனால இங்க நாங்க முதல்ல ஈயைத்தான் கேப்போம். உங்களையும் கேப்போம், நேரம் இருந்தா."

நடைபாதையில் காத்திருக்கும் பெண்களும் சீக்கிரமே இதற்குப் பழகிப் போனார்கள்.

"உங்க வீட்டு ஈ எப்படி இருக்குக்கா?" என்று ஒக்பூனைக் கேட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வங்கி மேலாளரின் மனைவி.

"முந்தாநாள் நல்லா சாப்பிட்டாராம். நேத்து கொஞ்சம் மந்தம்னாங்க. உங்களுது?"

"எங்களுதா, அதை ஏன் கேக்கறீங்க. பாதிக்கு மேல குழாய்க்கு அடியிலயே கிடக்குதாம். வாழைப்பழம் கொஞ்சம் கூடுதலா வச்சுப் பாருங்கன்னு சொன்னேன். அதெல்லாம் எல்லாருக்கும் ஒரே அளவுதானாம்."

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"அவரா?" என்று அந்தப் பெண் சற்று யோசித்தாள். "இருக்கார்."

வசந்தத்தில் ஒருநாள் டாக்டர் யோம் ஓடி வந்தாள். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் இல்மானுடைய ஈக்கள் பிழைத்துக்கொண்டன. அதே இரண்டு மாத்திரைகளை இல்மானுக்கும் எழுதினார்கள். ஆனால் ஈக்கள் பிழைத்தபோது என்ன நிலைமை இருந்ததோ, அதே நிலைமை நோயாளிக்கும் வேண்டும் என்று மையத்தின் விதி சொன்னது. எனவே இல்மான் கிம்ச்சி ஊறுகாயையும் சோற்றையும் விட்டுவிட்டு, மக்காச்சோள மாவும் ஈஸ்டும் வெல்லப்பாகும் போட்டுக் கிண்டிய கூழைச் சாப்பிட வேண்டும் என்றார்கள். சாப்பிட்டான். ஒக்பூன் ஒருநாள் அனுதாபத்தில் கூடவே உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அனுதாபத்தைத் தூரத்திலிருந்தே காட்டினாள்.

அப்புறம் ஏறும் சோதனை. குழாயைத் தட்டினால் ஈக்கள் எல்லாம் அடியில் விழும். தெம்புள்ள ஈ உடனே மேலே ஏறும். அதுதான் தெம்புக்கு அளவு. அதனால் இல்மானை மாடிப்படியின் அடியில் நிற்க வைத்து, ஓர் அலுவலர் ரப்பர் சுத்தியலால் முதல் படியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

முதல் தடவை இல்மான் தட்டும் முன்பே ஏறத் தொடங்கிவிட்டான்.

"எறங்குங்க, எறங்குங்க. தட்டினாத்தான் ஏறணும். சும்மா ஏறினா அது சேத்தி இல்ல."

"மாடிக்குத்தானே போகணும்?"

"மாடிக்குப் போறதுக்கு லிஃப்ட் இருக்கே."

தட்டினார்கள், ஏறினான். முதலில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். சில வாரங்களில் முதல் மாடி, அப்புறம் இரண்டாவது. கோடை தொடங்கும்போது ஒரே மூச்சில் மொட்டை மாடிக்குப் போய் நின்றான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஒக்பூன் வாய்விட்டு அழுதாள். இல்மான் அன்று நேராக வீட்டுக்குப் போகவில்லை. பணிமனைக்குப் போய், காலியாக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சக்கரத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான். பிழைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

ஆகஸ்டில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில் அரசு நிறுவனங்கள் நாட்டுக்கு வழிகாட்ட வேண்டும் என்றும், வரப்போகிற நீண்ட விடுமுறையில் குளிர் இயந்திரங்கள் அனைத்தும் அணைக்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. இயக்குநர் பாங் அன்றே டையைக் கழற்றினார். கையில் காகித விசிறியோடு மாடி மாடியாக நடந்தார். மற்ற நிறுவனங்கள் அணைப்பதற்கு ஒருநாள் முன்பே அணைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஈ அறைக்கு மட்டும் விலக்குக் கேட்டு டாக்டர் யோம் போய் நின்றாள்.

"ஈ அறைக்கு விலக்குன்னா, ஈக்கு மட்டும் தனி நாடா?" என்று அமைதியாகக் கேட்டார் பாங். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது, அந்தத் தளத்தில் ஓர் ஈகூட உயிரோடு இல்லை. வெயில் நேராக விழும் கண்ணாடி அறை அது.

இரண்டாம் நாள் காலை இல்மான் வீட்டு மணி அடித்தது. திறந்தால் ஆள் உயரத்துக்கும் மேலே மூன்றடுக்கு வெள்ளைச் செவ்வந்தி மலர்வளையம். அதற்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"தாக் இல்மான் வீடு இதுதானே?"

"ஆமா."

"கையெழுத்து யார் போடறீங்க?"

"நான்தான் இல்மான்."

வந்தவன் தொங்கிய பட்டு நாடாவை இன்னொரு தடவை படித்தான். தாக் இல்மான் அவர்களின் மறைவுக்கு மையத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப இறந்தவருக்கு என்ன உறவுன்னு எழுதிக்கட்டும்?"

இல்மான் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அண்டை வீட்டுக்காரர்கள் அதற்குள் கருப்பு உடை மாற்றிக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தார்கள். அவனைக் கண்டதும் சிலர் நின்றார்கள். சிலர், வந்ததற்கு வந்தோம் என்று உள்ளே வந்து பார்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு மாத்திரை வாங்கும் நாள். மருந்து ஜன்னலில் இருந்த பெண் அவன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று தலை குனிந்தாள். மாத்திரை தரவில்லை.

ஒக்பூன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். பாங் இருவரையும் உட்கார வைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. எங்க எல்லாருக்குமே. அந்த மருந்து பலிக்கல."

"பலிச்சுதே ஐயா. கட்டி பாதியாயிடுச்சே. நீங்கதானே ஸ்கேன் எடுத்தீங்க" என்றான் இல்மான்.

"அது உங்களுக்கு. நான் சொல்றது ஈக்கு. உங்களுக்காக இருந்தது அந்த ஈ. அதுவும் நீங்களும் ஒத்துப் போகலைன்னா உங்ககிட்டதான் என்னவோ கோளாறு இருக்கு. தனி ஆள் எப்பவுமே கொஞ்சம் முன்னப் பின்னதான் இருப்பார். நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

"சூடு தாங்காம செத்துச்சுன்னு அந்த டாக்டரம்மாவே சொல்றாங்க. மருந்து சாப்பிடாத ஈயும்தானே சேந்து செத்துச்சு" என்றாள் ஒக்பூன்.

பாங் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, பொறுமையா கேளுங்க. சூட்டுனால செத்துச்சுன்னு வைங்க. அப்ப மெஷினை நிறுத்தினது தப்பு. நிறுத்தச் சொன்னது சுற்றறிக்கை. சுற்றறிக்கை மேலேருந்து வந்தது. மேலேருந்து வந்தது தப்பா இருக்க முடியாது, இருந்தா அது ஏன் மேல இருக்கப் போகுது? அப்ப மிச்சம் இருக்கறது மருந்து ஒண்ணுதான். அதைச் சாப்பிடாத ஈங்களும் செத்துச்சுன்னா, அது எவ்வளவு மோசமான மருந்துன்னு யோசிங்க. பக்கத்துக் குழாய்ல இருந்தவரைக்கூட விடல. அதைப் போய் உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கச் சொல்றீங்களே."

இல்மான் மரியாதைக்கு எழுந்து குனிந்தான். வெளியே வந்த பிறகுதான் எதற்குக் குனிந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது.

இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கூடங்கள் எல்லாம், ஆய்வில் இறந்த உயிர்களுக்குப் படையல் போட்டு வழிபடுவது வழக்கம். பக்கத்து எலி ஆய்வகத்தில் அதற்கென்று கல்லே நட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் பாங்குக்கு வயிற்றெரிச்சல். ஈக்கு எந்தச் சட்டத்திலும் படையல் இல்லை. ஆனால் ஒரே விடுமுறையில் இத்தனை பேர் போய்விட்ட இந்த ஆண்டை விட்டால் நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவருக்குப் பட்டது. நீண்ட மேசை போட்டார்கள். பேரிக்காய், கஷ்கொட்டை, அரிசிப் பணியாரம், உலர்ந்த மீன் எல்லாம் முறைப்படி அடுக்கி, நடுவில் முறையில் இல்லாத வாழைப்பழத்தைக் குவித்தார்கள். பின்னால் வரிசையாகப் பெயர்ப் பலகைகள். முதல் பலகை இல்மானுடையது.

ஒக்பூனை முன்வரிசையில், துக்கம் காக்கும் குடும்பத்தார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இல்மானுக்கு நாற்காலி ஒதுக்கவில்லை.

"நீங்க யாருக்கு வேண்டியவர்?" என்று வரவேற்றவன் கேட்டான்.

"இல்மானுக்கு."

"ரொம்ப நெருக்கமா?"

"ரொம்ப."

"அப்ப பின்னாடி மரத்துக்கிட்ட நின்னுக்கங்க. முன்னாடி குடும்பத்துக்கு மட்டும்தான்."

ஊதுவத்தி எரிந்தது. இயக்குநர் பாங் கருப்புக் கோட்டோடு மேசைமுன் நின்று இரங்கலுரை படித்தார்.

"தாக் இல்மான் அவர்களே. தாங்கள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததை உண்டீர்கள். தட்டியபோது ஏறினீர்கள். வரிசையில் முந்தவில்லை. அறை வெப்பமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. இறுதி வரையில் எங்கள் கண்ணாடிச் சுவருக்குள் அமைதியாக இருந்து, அமைதியாகவே சென்றீர்கள். தங்களைப் போன்ற நோயாளிகளுக்காகத்தான் இந்த மையம் எழுப்பப்பட்டது. தங்களைப் போலவே மற்றவர்களும் இருப்பார்களானால், எங்கள் பணி எவ்வளவு இலகுவாக இருக்கும்."

அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. துணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்தார்கள். அந்த நாட்டில் உயிரோடிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு முறை விழுந்து வணங்குவார்கள், செத்தவர்களுக்கு இரண்டு முறை. அந்தப் பலகையின் முன் மையம் முழுவதும் இரண்டு முறை விழுந்து எழுந்தது. மரத்தடியில் நின்ற இல்மான், தான் விழ வேண்டுமா, கூடாதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

போகும்போது வாசலில் துணை இயக்குநர் எதிரே வந்தார். அவனை அடையாளம் கண்டு, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டார். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வணக்கமும் போட்டுவிட்டு நடந்தார்.

அதற்குமேல் ஒக்பூனால் பொறுக்க முடியவில்லை. படையல் மேசையைக் கலைத்துக்கொண்டிருந்த டாக்டர் யோமின் கையைப் பிடித்தாள். "டாக்டரம்மா, எனக்கு இந்த வாழைப்பழம் வேண்டாம். மாத்திரை வேணும். அதுக்கு யார் கால்ல விழணும்னு சொல்லுங்க, விழறேன்."

டாக்டர் யோம் சுற்றிலும் பார்த்தாள். "ஒரு வழி இருக்கும்மா. மறு சோதனைன்னு விதியில இருக்கு. புதுசா ஈ உண்டாக்கி, அது இந்த மருந்துல பிழைச்சா, திரும்ப மருந்து குடுத்துத்தான் ஆகணும். கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

கேட்டார்கள். பாங் மறுக்கவே இல்லை. விதியில் இருப்பதை அவர் ஒருநாளும் மறுத்தவரில்லை. புது ஈ உண்டாக்கக் கட்டியிலிருந்து புதிதாகக் கொஞ்சம் சதை வேண்டும் என்றார். இல்மானைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் சிக்கல். கட்டி ரொம்பச் சின்னதாயிடுச்சு. எடுக்கற அளவுக்கு இல்ல" என்றார் பாங்.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் ஒக்பூன்.

"இருக்கலாம். அதை நிரூபிக்கத்தான் கட்டி வேணும்ங்கறேன். வளரட்டும். மருந்தைத்தான் நிறுத்திட்டோமே, கண்டிப்பா வளரும். நீங்க கவலைப்படாதீங்க."

மாதத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். முதல் முறை போனபோது ஒன்றும் வளரவில்லை. "மனசைத் தளர விடாதீங்க" என்று பாங் இல்மானின் தோளைத் தட்டினார். அடுத்த முறையும் போதவில்லை. நடைபாதையில் வங்கி மேலாளரின் மனைவி கருப்பு உடையில் ஏதோ சான்றிதழுக்காக வந்திருந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு வளந்துச்சாக்கா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றாள் ஒக்பூன். "வளரும்க்கா. நல்ல மனுஷங்களுக்கு அப்படியெல்லாம் ஆகாது" என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள்.

ஒக்பூன் குன்றின்மேல் இருந்த புத்தர் கோயிலுக்குப் போனாள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். வளரட்டும் என்று எப்படிக் கேட்பாள்? வளர வேண்டாம் என்றுதான் எப்படிக் கேட்பாள்? ஒன்றும் கேட்காமலேயே இறங்கி வந்தாள்.

பனி விழத் தொடங்கியபோது இல்மான் தட்டைப் பாதியில் தள்ளி வைக்க ஆரம்பித்தான். கூழை விட்டுச் சோற்றுக்கு வந்தும் இறங்கவில்லை. படியின் அடியில் சுத்தியலால் தட்டினார்கள். ஏறினான், நடுவில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த தடவை தட்டியபோது, கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். "சத்தம் கேக்குது தம்பி, கால்தான் வரல" என்றான் இல்மான்.

குளிர்காலத்தின் கடைசியில் எடுத்த ஸ்கேனை இயக்குநர் பாங் தாமே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அப்படி அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "வளந்துடுச்சு. தாராளமா எடுக்கலாம். இன்னிக்கே எடுத்துடலாம். வாழ்த்துகள்" என்றார். பின்னால் நின்ற அலுவலர்கள் கைதட்டினார்கள். டாக்டர் யோம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்மான் பெஞ்சியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் குனிந்து நன்றி சொன்னான்.

ஒக்பூன் சொல்லவில்லை. "சதையை எடுத்ததுக்கு அப்புறம் ஈ தயாராக எத்தனை நாளாகும்?"

"நாள் கணக்கு இல்லம்மா. இது கடை வேலை இல்லையே. உண்டாக்கணும், பெருக்கணும், மருந்து குடுத்துப் பாக்கணும். எல்லாம் சரியா நடந்தா ஒரு வருஷம்."

அவள் கணவனைப் பார்த்தாள். கோட்டுக்குள் அவன் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

"ஒரு வருஷம் இவர் இருப்பாரா?"

இயக்குநர் பாங் சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. ஸ்கேனை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, நேர்மையாக, கவனமாக, நீண்ட நேரம் யோசித்தார்.

"அதை ஈயைப் பாத்தாத்தானேம்மா சொல்ல முடியும்" என்றார்.

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். இல்மான் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.